அளவெட்டிக் கலியாணத்தில் காணாமற்போன முந்நூறு பேர்

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் ஒரு கிழமையாகச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சண்டை பிடிக்கும் அந்த லென்சைப் பற்றி என்னிடம் நேற்றுத்தான் கேட்டீர்கள். கைபேசியில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன், பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோன ஒரு படத்தைக் காட்டி, இந்த லென்ஸ் இல்லாதவன் மனிதனே இல்லை என்கிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மூத்தவள் திரும்பி, "அப்பா, உது எப்பிடி?" என்றாள். நான், "உது வேண்டாம் பிள்ளை, ஐம்பது எம்எம் லென்ஸே போதும், காணும்," என்றேன். சின்னவன் உடனே, "அப்பாக்குப் பழைய கமெராதான் தெரியும்," என்றான். முப்பத்திரண்டு வருடம் நின்று படம் எடுத்ததற்கு எனக்குக் கிடைத்த ஓய்வூதியம் அந்த ஒரு வசனம்தான்.

ஆகவே எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் மூத்தவள் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

சுன்னாகத்தில் அருளப்பர் மாஸ்டருடைய ஸ்ரூடியோவில் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. முதல் வருடம் குடை பிடித்தேன். அது ஃபிளாஷ் வெளிச்சத்தை மெதுமையாக்கும் வெள்ளைக் குடை. மழை வந்தால் அதையே மாஸ்டருக்கும் பிடித்தேன். இரண்டாம் வருடம் பெட்டி தூக்கினேன். மூன்றாம் வருடம் அடையாள அட்டைப் படம் எடுக்க விட்டார். நான் எடுத்த எல்லாரும் பொலிசில் பிடிபட்டவர்கள் மாதிரி வந்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை, அடையாள அட்டையில் எல்லாரும் அப்படித்தான். நாலாம் வருடம் கலியாணவீடு.

மாஸ்டர் குருநகர்ப் பக்கத்து வேதக்காரர், கிறிஸ்தவர். ஆனால் சைவக் கலியாணம் எத்தனை பார்த்தாரோ, அடுத்த சடங்கு என்ன என்று மறந்துபோன ஐயர்மார் அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். கட்டையான மனிதர். வெள்ளைச் சேர்ட்டை உள்ளே விட்டு இடுப்புப் பட்டி கட்டியிருப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகக் கதைப்பார். மெத்தக் கோபம் என்றால் சத்தமே வராது, உதடு மட்டும் அசையும். நாங்கள்தான் வாசித்துக்கொள்ள வேண்டும்.

குரூப் படம் எடுக்கும்போதுதான் அவரைப் பார்க்க வேண்டும். முன்வரிசை உட்காரக் கதிரைகளைத் தானே அடுக்குவார். கதிரைக்கும் பின்வரிசைக்கும் இடையில் ஒரு முழம்தான் விடுவார். அதற்கும் பின்னால் ஒதுங்குகிறவரிடம், "ஐயா, ஒரு அடி முன்னுக்கு வாருங்கோ. உங்களைப் பார்க்கத்தானே எல்லாரும் வந்தவை," என்பார். எந்த ஐயாவும் வந்துவிடுவார். கமெராவை முக்காலியில் பூட்டி, லென்சை எட்டில் வைத்து (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்), முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் போக்கஸ் பண்ணுவார். பிறகு உதடு அசையத் தலைகளை எண்ணுவார். ஒரு முகத்தின் நாடி மறைந்திருந்தாலும் எடுக்க மாட்டார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து நிற்கிறபோது, "மூச்சை விடுங்கோ, ஒருத்தரும் தண்ணிக்குள்ளை இல்லை," என்பார். சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு அடங்குகிற இடத்தில் முதல் படம். மொத்தம் மூன்று எடுப்பார். அதற்குப் பிறகு பெண் வீட்டில் விசயம் தெரிந்த ஒருவரைப் பிடித்து, எந்த வரிசையில் யார் யார் என்று ஒரு கொப்பியில் எழுதுவிப்பார்.

ஒருநாள் என்னிடம் கேட்டார்: "ஆல்பம் என்னத்துக்கு, தவம்?"

"ஞாபகத்துக்கு மாஸ்டர்."

"ஞாபகம் அவையளின்ரை தலைக்குள்ளை கிடக்குது. இது சாட்சி."

நான் விளங்காமலே தலையாட்டினேன், பிறகுதான் விளங்கியது. உடுவிலில் வேலிச் சண்டையில் பதினொரு வருடம் கதைக்காத ஒரு அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். அண்ணனுடைய மகளின் கலியாணத்துக்குத் தம்பி வரவேயில்லை என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். தம்பி நேரே எங்கள் கடைக்கு வந்து, "நான் நிண்டனான் எண்டு உங்கடை படம் சொல்லுமோ?" என்று கேட்டார். மாஸ்டர் கொப்பியைப் பார்த்து நெகட்டிவைத் தேடி எடுத்தார். பின்வரிசை, வலது ஓரம், வாழைக்குலைக்குப் பக்கத்தில் ஒரு கோபமான முகம். "நிண்டிருக்கிறியள்," என்றார் மாஸ்டர். "சிரிக்கேல்லை. ஆனால் நிண்டிருக்கிறியள்." தம்பி அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, அண்ணன் வீட்டு வேலியைப் பார்த்த சுவரில் மாட்டினார் என்று கேள்வி.

இங்கே உங்களுக்கு ஒன்றை விளங்கப்படுத்த வேண்டும். லென்சுக்குள் ஒரு ஓட்டை இருக்கிறது. அதன் அளவை எண்ணால் சொல்வார்கள். அந்த எண் தலைகீழானது, எண் சின்னதென்றால் ஓட்டை பெரிது. ஒன்று தசம் நாலில், அதாவது 1.4இல் வைத்தால் பெரிய ஓட்டை. வெளிச்சத்தை அள்ளிக்கொண்டு வரும், ஆனால் அப்பளத் தடிப்பில் ஒரு துண்டுதான் கூராகத் தெரியும். அதற்கு முன்னாலும் பின்னாலும் எல்லாம் கரைந்துவிடும். எட்டில் வைத்தால் ஓட்டை சின்னது. வெளிச்சம் குறையும், ஆனால் முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் தெரிவார்கள். கண்ணாடி போடாதவர்கள் தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயரை வாசிக்கக் கண்ணைச் சுருக்குவார்களே, அதே வேலைதான். கண்ணைச் சுருக்கக் காசு தேவையில்லை. அகல விரிப்பதற்குத்தான் கடைக்காரன் காசு கேட்கிறான்.

மாஸ்டருக்கு முழங்கால் ஏலாமற் போய் அவர் கடையோடு இருக்கத் தொடங்கியதும், கலியாண வேலை முழுக்க என் கைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் சித்தப்பா வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தார். கழுத்தில் கமெரா தொங்கியது. அது சாய்ந்து இருப்பதற்கு வயிறும் வசதியாக இருந்தது. எண்பத்தைந்து எம்எம் லென்சில் உங்கள் அம்மாவைக் கிணற்றடியில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். பின்னால் நின்ற முருங்கை, உடுப்புக் காயப்போட்ட கொடி, பக்கத்து வீட்டுத் தகர வேலி எல்லாம் பச்சைப் பாலாகக் கரைந்து போயிருந்தன. உங்கள் அம்மா பார்த்துவிட்டு, "இது எங்கடை வளவோ?" என்றா. எனக்கு அன்றைக்கு லென்ஸ் காய்ச்சல் பிடித்தது.

அது ஒரு பொல்லாத காய்ச்சல். கமெரா பிரியர்களுக்கென்று கைபேசியில் ஒரு குழு இருந்தது, அதில் சேர்ந்தேன். பருத்தித்துறை தொடக்கம் சாவகச்சேரி வரை ஆட்கள். யாரும் படம் எடுப்பதாகத் தெரியவில்லை. லென்ஸ் கூரா என்று பார்க்கச் செங்கல் சுவரை எடுத்துப் போடுவார்கள். ஒருவர் சுவரைப் போட, மற்றவர் அதைவிட விலை கூடிய லென்சில் வேறொரு சுவரைப் போடுவார். ஐந்து லென்ஸ் வைத்திருந்த ஒருவர் இருந்தார். அவர் எடுத்த ஒரேயொரு நல்ல படம் அந்த ஐந்தும் வரிசையாக நிற்கும் படம். அதையும் கைபேசியில்தான் எடுத்தார். இவர்கள் நடுவில்தான் நான், யாரோ பாவித்த எண்பத்தைந்து எம்எம் லென்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். உங்கள் அம்மாவுக்கு ஒரு விலை சொன்னேன். அது உண்மையான விலைக்குத் தூரத்து உறவு.

லென்ஸ் வந்த இரண்டாம் கிழமை அளவெட்டியில் ஒரு கலியாணம். பெண்ணின் தகப்பன் நடராசா அண்ணை, வெங்காயத் தோட்டம் செய்கிறவர். பெண் தர்சினி, ஒரே பிள்ளை, பாலர் பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பிரதீபன் ஒரு குளிர் நாட்டிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்திருந்தான். புறப்படும்போது மாஸ்டர், "பழைய லென்சைக் கொண்டு போ. எட்டிலை வை," என்றார். "ஓம் மாஸ்டர்," என்றேன். கொண்டும் போனேன். பெட்டியை விட்டு அது வெளியே வரவில்லை.

அன்று முழுக்க ஒன்று தசம் நாலு. கன்னிகாதானம் ஒன்று தசம் நாலு, கூறை கொடுத்தது ஒன்று தசம் நாலு, தாலி ஒன்று தசம் நாலு. எண்பத்தைந்துக்குத் தூரம் வேண்டும் என்பதால் மணவறைக்கு முன்னால் நட்ட நடுவில் நின்றேன். சனம் எனக்குப் பின்னால் நின்றது. குரூப் படங்களை ஆறோடு நிறுத்தினேன், அது பழைய பாணி என்று எனக்கு ஒரு எண்ணம். அந்த ஆறிலும் மணமக்களை நாலு அடி முன்னுக்கு நிறுத்தி, மற்றவர்களைக் கரைய விட்டேன். பின்னேரம் மணமக்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், "ஒருத்தரை ஒருத்தர் பார்க்காதையுங்கோ. தம்பி, நீர் அந்தப் பனையைப் பாரும். பிள்ளை, நீர் கடலைப் பாரும்," என்று இரண்டு மணித்தியாலம் எடுத்தேன். அப்படிப் பார்த்தால்தான் இயல்பாக இருக்கும் என்று குழுவில் சொல்லியிருந்தார்கள். வீடியோவுக்கு வந்தவர்களும் என்னைப் போலத்தான். நாலு நிமிடப் படம் செய்து கொடுத்தார்கள். பூ விழுகிறது, கால் நடக்கிறது, வானத்திலிருந்து ட்ரோன் பார்க்கிறது. முந்நூறு பேருடைய உச்சந்தலையும் தெரிந்தது. மிச்சத்தை அழித்துவிட்டார்கள்.

ஆல்பத்தைப் பார்த்த எல்லாரும் சினிமா மாதிரி என்றார்கள். மாஸ்டர் மட்டும் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "பெண்ணின்ரை தாய் ஆர்?" என்று கேட்டார். நான் ஒரு பக்கத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

மாப்பிள்ளை திரும்பிப் போய், தர்சினியை அங்கே கூப்பிட விசாவுக்கு விண்ணப்பம் போட்டான். பல மாதம் கழித்து ஒரு காலையில் நடராசா அண்ணை பொலித்தீன் பையில் ஒரு கடிதக் கோவையைச் சுற்றிக்கொண்டு சைக்கிளில் கடைக்கு வந்தார்.

"தம்பி, அந்தப் படங்களை ஒருக்கால் பார்க்க வேணும்."

"இன்னும் பிரதி வேணுமோ அண்ணை?"

"பிரதி வேண்டாம். சனம் வேணும்."

விசாக் கந்தோர் அனுப்பிய கடிதம் இங்கிலீசில் இருந்தது. மாஸ்டர் வாசித்துத் தமிழில் சொன்னார். திருமணத்தில் உறவினர் கலந்துகொண்டதற்குப் படங்களில் அடையாளம் காணக்கூடிய ஆதாரம் இல்லை. பெரும்பாலான படங்களில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவும் இல்லை. இது உண்மையான திருமணம் என்று நம்ப முடியவில்லை. ஆகவே விசா இல்லை.

"முந்நூறு பேருக்குச் சோறு போட்டனான்," என்றார் நடராசா அண்ணை. "மூண்டு பந்தி. இதிலை ஒருத்தரும் இல்லை. என்ரை பெண்சாதி இல்லை. நான் பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக் குடுத்தனான் தம்பி. கை இருக்குது. நான் எங்கை?"

நான் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன்.

"ஊரிலை என்ன கதை தெரியுமோ? மாப்பிள்ளை அங்கை வேறை ஒருத்தியை வைச்சிருக்கிறாராம், அதுதான் கூப்பிடேல்லையாம். பிள்ளை போறன் எண்டு வேலையையும் விட்டிட்டாள். இப்ப வாசற் படலைக்கும் வாறாளில்லை. விண்ணப்பம் இன்னொருக்கால் போடலாமாம். அதுவும் சரிவரேல்லை எண்டால்..." அவர் அந்த வசனத்தை முடிக்காமல் பொலித்தீன் பையை மடிக்கத் தொடங்கினார்.

அடுத்த நாள் தர்சினியின் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். உறவுக்காரரை அடையாளம் காட்ட அவவை விட்டால் ஆளில்லையாம். நான் படங்களைக் கணினியில் ஒவ்வொன்றாகப் போட்டேன்.

"உந்த ஊதாவைப் பெரிசாக்குங்கோ," என்றா பெரியம்மா.

பெரிதாக்கினேன். பெரிய ஊதா வந்தது.

"அது நான்தான். என்ரை காஞ்சிபுரம்."

"மச்சாள், அது மணவறைச் சோடினைத் துணி," என்றார் நடராசா அண்ணை.

"அப்ப இந்த மஞ்சள்?"

"அது வாழைக்குலை. குலைக்குப் பக்கத்திலை சின்னராசா நிக்கிறான். பாருங்கோ, வழுக்கை மினுங்குது."

"அது குத்துவிளக்கு," என்றா பெரியம்மா.

மாஸ்டர் எனக்குப் பின்னால் நின்றார். உதடு அசைந்திருக்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மங்கலைத் தெளிவாக்கும் செயலி ஒன்று இருக்கிறது, செயற்கை அறிவாம், என்று குழுவில் சொன்னார்கள். அதையும் போட்டுப் பார்த்தேன். பெரியம்மா இருக்கக்கூடிய இடத்தில் அது ஒரு வடநாட்டு நடிகையின் முகத்தை வரைந்தது. பெரியம்மா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "இது பரவாயில்லை, இதையே அனுப்புவம்," என்றா.

அப்போதுதான் நடராசா அண்ணை சொன்னார்: "மாஸ்டர், திருப்பி எடுப்பம். மணவறையை வாடகைக்கு எடுக்கிறன். சனத்தை அதே உடுப்போடை வரச் சொல்லுறன். மாப்பிள்ளையின்ரை தம்பி கிட்டத்தட்ட அவரின்ரை உயரம். தலைப்பாகையைக் கொஞ்சம் பதிச்சுக் கட்டினால்..."

நான் வெட்கத்தோடு எழுதுகிறேன், எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தால் தம்பியின் மூக்குத் தெரியாது என்று மனதுக்குள் பார்க்கவும் தொடங்கிவிட்டேன்.

மாஸ்டர் கிட்டத்தட்டக் காதுக்குள் சொல்வதுபோலச் சொன்னார்: "நடராசா அண்ணை, அவங்கள் இதைப் பொய்க் கலியாணம் எண்டு சொல்லுறாங்கள். அதுக்கு நாங்கள் ஒரு பொய்க் கலியாணம் செய்து காட்டுறதோ?"

நடராசா அண்ணை கதிரையில் இருந்தார்.

"வந்த சனத்திட்டைப் போன் இருந்ததோ?" என்று கேட்டார் மாஸ்டர்.

"போன் இல்லாத சனம் எங்கை இருக்குது?"

"அப்ப படம் இருக்குது. தவம், நீ போய் வாங்கிக்கொண்டு வா. ஒவ்வொரு வீடாப் போ."

போனேன். முப்பது வருடம் படம் எடுத்தவன், மோட்டார் சைக்கிளில் அளவெட்டியிலும் வட்டுக்கோட்டையிலும் படலை படலையாகத் தட்டி, "அக்கா, அண்டைக்கு நீங்கள் போனிலை எடுத்த படம் இருக்கோ?" என்று கேட்டேன். ஒரு வீட்டிலாவது சும்மா தரவில்லை.

"ஏன் தம்பி, உங்களிட்டைக் குழாய் மாதிரி ஒரு பெரிய கமெரா இருந்ததெல்லே?"

"நாங்கள் எடுக்கேக்கை தள்ளி நில்லுங்கோ எண்டு கத்தினியள். இப்ப அதே படம் வேணுமாமே!"

வட்டுக்கோட்டையில் ஒரு அக்கா உள்ளே பார்த்து, "இஞ்சை வாங்கோப்பா, அண்டைக்கு மறைச்சுக்கொண்டு நிண்ட மனிசன் வந்திருக்குது," என்று புருசனைக் கூப்பிட்டா. பெயரைக் கேட்கவில்லை. முதுகை வைத்தே அறிந்திருக்கிறார்கள்.

படங்களைப் பார்த்தேன். சரிந்த படங்கள். விரல் மறைத்த படங்கள். ஒரு பிள்ளை மூக்கைத் தோண்டுகிறது, ஒரு மாமா வாய் நிறையச் சோறோடு திரும்புகிறார். ஆனால் எல்லாரும் இருந்தார்கள். கைபேசியின் லென்ஸ் கடுகளவு. அந்தக் கடுகில் முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் வாசற்படியில் செருப்புத் தேடுகிறவரும் தெரிந்தார்கள். மூலை வெடித்த கைபேசியில் சமையற்காரர் எடுத்த ஒரு படத்தில் மாத்திரம் பதினெட்டு முகம். நடராசா அண்ணை கை பிடித்துக் கொடுக்கிறார், முகத்தோடு. பெரியம்மா ஊதாக் காஞ்சிபுரத்தில் நிற்கிறா. மணமக்கள் ஒரே இலையில் சாப்பிட்டுக்கொண்டே எதையோ பார்த்துச் சிரிக்கிறார்கள். கடற்கரையில் நான் இரண்டு மணித்தியாலம் பாடுபட்டுத் தடுத்த சிரிப்பு அது.

அறுபது படம் தேறியது. நாற்பத்தொன்றில் என் முதுகும் இருந்தது.

மாஸ்டர் அவற்றை வரிசைப்படுத்தி, நடராசா அண்ணையைக் கொண்டு ஒவ்வொன்றுக்கும் யார் யார் என்று எழுதுவித்தார். பிறகு என் பக்கம் ஒரு தாளைத் தள்ளினார்.

"எழுது."

"என்னெண்டு மாஸ்டர்?"

"உன்ரை படத்திலை ஏன் சனம் இல்லை எண்டு."

'கலைநோக்கில் பின்னணி மென்மையாக்கப்பட்டது' என்று எழுதினேன். "வெட்டு," என்றார். 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று எழுதினேன். "வெட்டு." பேனையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்: 'புது லென்ஸ் வாங்கிய ஆசையில், மணமக்களைத் தவிர மற்ற எல்லாரையும் நான் மங்கலாக்கிவிட்டேன். அவர்கள் வந்திருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்க வேண்டாம் என்று மணமக்களுக்குச் சொன்னதும் நான்தான். இத்துடன் உள்ள படங்களில் முதுகு காட்டி நிற்பவன் நான்.'

மாஸ்டர் வாசித்தார். "இப்ப படம் கூராயிருக்குது," என்றார்.

அதைச் சத்தியக் கடதாசியாக்க, ஒப்பம் வைத்து உறுதிப்படுத்தும் சமாதான நீதவானிடம் போனேன். அவர் ஓய்வுபெற்ற அதிபர். கண்ணாடியைத் தாழ்த்தி இரண்டு தரம் வாசித்தார்.

"இது உம்மடை முதுகுதான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

"ஐயா?"

"நான் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பம் வைக்கேலுமோ? திரும்பும்."

திரும்பினேன். நாலு படத்தை ஒவ்வொன்றாக எடுத்து என் முதுகோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "இடது தோள் கொஞ்சம் தாழ்வு. சரி, நீர்தான்," என்று ஒப்பம் வைத்தார்.

விண்ணப்பம் திரும்பப் போனது. பதில் வரும்வரை நான் எண்பத்தைந்தைத் தொடவில்லை, மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். கமெராவோடு சும்மா வருகிற லென்ஸ், அந்தப் பிளாஸ்ரிக் பதினெட்டு-ஐம்பத்தைந்து எம்எம், அதில்தான் கலியாணம் எடுத்தேன். குழுவில் அதற்கு விளையாட்டுச் சாமான் என்று பெயர். எட்டில் வைத்தால் அது செய்யாத வேலை இல்லை. மண்டபத்தில் வெளிச்சம் போதாவிட்டால் ஃபிளாஷை ஆட்களின் முகத்துக்கு அடிக்காமல் வெள்ளைக் கூரைக்கு அடித்தேன். வெளிச்சம் முழு மண்டபத்துக்கும் மெதுவாக இறங்கியது. அது நான் குடை பிடித்த காலத்திலேயே தெரிந்த விசயம். லென்ஸ் காய்ச்சலில் மறந்து போயிருந்தேன்.

உங்கள் சண்டைக்கும் இங்கேதான் பதில். இரண்டு மூன்று வருடம் பழைய, யாரோ பாவித்த கமெரா ஒன்றை வாங்குங்கள். வாங்குமுன் லென்சுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் கடற்காற்றுக்கு உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்திருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். அதோடு வருகிற லென்ஸ் ஒரு வருடத்துக்குக் காணும். அதற்குப் பிறகும் ஆசை அடங்காவிட்டால் ஒன்று தசம் எட்டு வரை திறக்கும் ஐம்பது எம்எம் லென்சை வாங்குங்கள், சின்னது, மலிவு. மிச்சக் காசுக்கு ஆடாத முக்காலி ஒன்று. காலையில் யன்னலோரம் ஆளை இருத்தி எடுத்துப் பழகுங்கள், அந்த வெளிச்சத்தை யாரும் விற்பதில்லை. கிட்ட வேண்டுமென்றால் காலால் நடந்து கிட்டப் போங்கள். எடுக்குமுன் ஒருதரம் பின்னால் திரும்பி, யாரை மறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று பாருங்கள். இதைத் தாடிக்காரன் சொல்ல மாட்டான், அவனுக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது.

தர்சினியைக் கொழும்புக்கு நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. நேர்முகம் நடந்த அன்றைக்கு நான் கடையில் இருந்தேனே தவிர ஒரு வேலையும் செய்யவில்லை. மத்தியானம் தாண்டி கைபேசி அடித்தது.

"அண்ணை, தர்சினி கதைக்கிறன்."

"சொல்லு பிள்ளை."

"நேர்முகம் எடுத்தவ ஒரு வெள்ளைக்காரி. பக்கத்திலை தமிழிலை சொல்ல ஒருத்தர். படம் எல்லாத்தையும் மேசையிலை பரப்பி வைச்சிட்டு, முதற் கேள்வியே உங்களைப் பற்றித்தான். எல்லா இடத்திலையும் முதுகு காட்டிக்கொண்டு நிக்கிற இந்த ஆள் என்ன உறவு எண்டு கேட்டா. எனக்கு வந்த கோபத்திலை பயம் எல்லாம் போயிட்டுது அண்ணை. உறவில்லை, கமெராக்காரர், காலமை தொடங்கி எங்கடை சனத்தை மறைச்சுக்கொண்டு நிண்ட மனிசன், அந்தாளாலை என்ரை அம்மா தாலி கட்டினதையே காணேல்லை, இண்டைக்கும் அதைச் சொல்லி அழுகிறா எண்டு கத்திப்போட்டன்."

"பிறகு?"

"தமிழிலை சொல்லுறவர் சிரிச்சுப்போட்டார். அவ என்னெண்டு கேட்டு, அவர் சொல்ல, அவவும் சிரிச்சா. தன்ரை கலியாணத்திலையும் ஒருத்தன் அப்பிடி நிண்டவனாம். உங்கடை கடுதாசியையும் எடுத்து வாசிச்சா. பிறகு பெரிசா ஒண்டும் கேக்கேல்லை, போகலாம் எண்டிட்டா. சரிவரும் போலை கிடக்குது." கொஞ்சம் நிறுத்தி, "உங்களை அந்தாள் எண்டு சொன்னதுக்குக் குறை நினையாதையுங்கோ அண்ணை," என்றாள்.

"அதுக்கென்ன பிள்ளை," என்றேன். தாய் தாலி கட்டினதைக் காணாத கதைதான் காதில் நின்றது. படம் வாங்க அளவெட்டிக்குப் போன எல்லா முறையும் அந்த அம்மா எனக்குத் தேத்தண்ணி தந்தவ. ஒரு சொல் சொல்லவில்லை.

விசா வந்து, தர்சினி புறப்பட்டுப் போன பிறகு, அறுபது படத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். தாலி கட்டும் நேரத்தில் பக்கவாட்டில் நின்று யாரோ எடுத்த ஒன்று இருந்தது. பாதிப் படம் என் முதுகு. அதற்கு அப்பால் மாப்பிள்ளையின் தலைப்பாகை நுனியும் உயர்ந்த இரண்டு கையும். என் முழங்கைக்கும் தூணுக்கும் நடுவில் அந்த அம்மா நுனிக்காலில் நிற்கிறா. யாருடைய தோளிலோ கையை ஊன்றி, கழுத்தை எட்டுமட்டும் நீட்டி, மணவறைப் பக்கம் பார்க்கிறா. கூராக விழுந்திருந்தா.

அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தா.

"நான் எட்டிப் பார்க்கிறன், என்ன?"

"ஓம் அக்கா. நான் மறைச்சுப்போட்டன். என்னை வெட்டி எடுத்திட்டு வேறை அடிச்சுத் தரட்டோ?"

"வெட்டினால் என்ன மிஞ்சும்?"

"நீங்களும் தூணும்."

"அப்ப நீங்களும் நில்லுங்கோ," என்றுவிட்டு ஆணி தேடப் போனா.

இப்போது அந்தப் படம் அவர்கள் வீட்டு விறாந்தையில் தொங்குகிறது. போன மாதம் ஒரு விசயமாக அந்தப் பக்கம் போய் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றேன். உள்ளே புதிதாக வந்த ஒரு மனுசி படத்தைப் பார்த்து, "நல்ல வாட்டசாட்டமான ஆள். உவர்தான் மாப்பிள்ளையோ?" என்று கேட்டா.

"சீச்சீ, மாப்பிள்ளை உவருக்கு அங்காலை நிக்கிறார்," என்றா தர்சினியின் அம்மா. "மாப்பிள்ளையின்ரை முகம் பார்க்க வேணுமெண்டால் அந்த ஆல்பத்தைத் திறவுங்கோ. அதிலை அவையள் ரெண்டு பேரும்தான். வேறை ஒரு சனமும் வரேல்லை."